முன்வரிசையில் இரண்டு பல்

பல்செட்காரர் வீட்டுக்கும் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பு, இந்தப் பக்கம் அவருடைய பட்டறை. பட்டறை என்றதும் பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னறை ஜன்னலோரமாக ஒரு நீள மேசை, அதன் மேல் தேய்ப்பு மோட்டார், மூலையில் ஒரு கேஸ் அடுப்பு, அடுப்பு மேல் பல் வேகவைக்கிற பாத்திரம். அவ்வளவுதான். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை அடுக்கி, வேகவைத்து, தேய்த்து, பளபளப்பாக்கிப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புவார். ஊரில் எத்தனையோ பேர் இவர் புண்ணியத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு சிரிப்பைக்கூட இவர் நேரில் பார்த்ததில்லை. வாயில் பொருத்துவது டாக்டர் வேலை. வாய்ப்பக்கமே போகக் கூடாது என்பது இவர் தொழிலில் எழுதாத சட்டம். முப்பது வருஷமாக அந்தச் சட்டத்தை ஒழுங்காகக் காப்பாற்றியும் வந்தார்.

மனைவி மகள் வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போனாள். மூன்று மாசத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். குழந்தை தவழட்டும் என்றாள். பிறகு நடக்கட்டும் என்றாள். அதற்குள் இரண்டாவது வந்துவிட்டது. சண்டை கிண்டை எதுவும் இல்லை. சண்டையாவது போட்டிருந்தால் சமாதானம் ஆவதற்கு ஒரு வழி இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"உடம்பு எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

பிறகு பேரனைப் போன் பக்கம் இழுத்து வருவாள். அவன் திரையில் மூக்கை மட்டும் காட்டிவிட்டு ஓடிவிடுவான். மறுபடி பேச்சுக் குரல் கேட்க அடுத்த ஞாயிறு வரவேண்டும். நடுவில் பெட்டி கொண்டுவருகிற ஆள் மணியை அடித்துவிட்டு, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, இவர் கதவைத் திறப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுவான். தனியாக இருக்கிறவர்களில் அதைச் சொல்லிப் புலம்புகிறவர்கள் உண்டு, சொல்லாமல் மென்று முழுங்குகிறவர்களும் உண்டு. இவர் இரண்டாவது ரகம். கேட்டால், "வேலை சரியா இருக்கு, நேரமே பத்தல" என்பார். கேட்கத்தான் ஆள் இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் தலைமையாசிரியை வந்து கதவைத் தட்டினாள். தெருவில் அவளுக்குப் பெரிய டீச்சர் என்று பெயர். சண்டை போட வருவாள், போகும்போது உங்களையே ஏதாவது ஒரு வேலைக்குச் சேர்த்துவிட்டுப் போவாள். அவள் சுபாவம் அப்படி. சலூன்காரர் குப்பையை வெளியே கொட்டுகிறார் என்று கேட்கப் போனாள். கடைசியில் அவர் மாதம் ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளுக்கு முடி வெட்டுவதாக ஒப்புக்கொண்டார். எப்படி ஒப்புக்கொண்டோம் என்று அவருக்கே இன்றுவரை புரியவில்லை.

"சார், உங்க மெஷின் போடுற சத்தத்துல என் பிள்ளைங்க படிக்கிறது எனக்கே கேக்க மாட்டேங்குது."

"நான் என்ன பண்றது டீச்சர்? தேய்க்காம குடுத்தா பல்லு குத்தும்."

"தேய்க்க வேண்டாம்னு யார் சொன்னா? இன்டர்வெல் மணி அடிச்சதும் தேய்ங்க. சாப்பாட்டு மணிக்குத் தேய்ங்க. அப்ப பக்கத்துல இடியே விழுந்தாலும் எங்களுக்குக் கேக்காது."

அன்றிலிருந்து பல்செட்காரரின் பட்டறை பள்ளிக்கூட மணிக்கு நடந்தது. வகுப்பு நேரத்தில் மெழுகு வேலை. மணி அடித்து அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடினால் இந்தப் பக்கம் மோட்டார். சுவர் வழியாக வாய்ப்பாடு வரும், பாட்டு வரும், யாரோ யாருடைய ரப்பரையோ எடுத்துவிட்ட பஞ்சாயத்து வரும். லீவு விட்டால் நாள் முழுக்க எப்போது வேண்டுமானாலும் தேய்க்கலாம். ஆனால் லீவு நாட்களில் இவருக்கு வேலையே ஓடாது. வீடு வெறிச்சென்று கிடக்கும். மோட்டாரைப் போட்டுவிட்டு, போட்ட காரணம் மறந்து நிற்பார்.

இரண்டாம் தடவை பெரிய டீச்சர் வந்தபோது குறை சொல்ல வரவில்லை. வியாழக்கிழமைதோறும் மத்தியானம் தெருவில் இருக்கிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும், ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தை, குழந்தை வாசிக்கும், பெரியவர் கேட்பார் என்று ஒரு திட்டம் வைத்திருந்தாள்.

"நான் அவ்வளவா படிச்சதில்லையே டீச்சர்."

"காது இருக்குல்ல? அது போதும். தப்பு வாசிச்சாலும் திருத்தாதீங்க, அது எங்க வேலை. வீட்டுல ஒரு ஆள் உக்காந்து கேக்க நேரமில்லாத பிள்ளைங்க நிறைய இருக்கு. நீங்க சும்மா கேட்டாலே பெரிய உபகாரம்."

சும்மா உட்கார்ந்து கேட்பது உபகாரம் என்று யாரும் அவரிடம் இதற்கு முன் சொன்னதில்லை. முதல் வியாழக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் போனார். பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்து ஹாலில் குட்டி குட்டி நாற்காலிகள். உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடித்தது. பக்கத்தில் டயர்க்கடைக்காரர் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்து, குழந்தை முதல் பக்கத்தைத் திருப்புவதற்குள் தூங்கிப்போனார். அவருக்கு வாசிக்கிற பொடியன் பக்கத்துக்கு ஒரு தடவை அவர் காதைப் பிடித்து இழுத்தான்.

பல்செட்காரருக்குக் கிடைத்தவள் இரண்டாம் வகுப்புப் பெண். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. பார்த்ததுமே அவருக்கு அது கண்ணில் பட்டது. படாமல் எப்படி இருக்கும்? கசாப்புக் கடைக்காரர் கண்ணுக்கு ஆடு எப்படியோ, இவர் கண்ணுக்கு வாய் அப்படி. ஆனால் அவள் வாயைக் காட்டினால்தானே. உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு, கைக்குள்ளேயே வாசித்தாள். சகரமும் தகரமும் வருகிற இடமெல்லாம் காற்றாகப் போனது. இவர் காதை நீட்டி நீட்டிப் பார்த்தார். கதையில் ஒரு நாய் வருகிறது என்பதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

வாசித்தது பாதி, பேசியது பாதி. அம்மா மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை, வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும், பகலில் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பக் கூடாது, டிவியைச் சத்தமில்லாமல் படமாக மட்டும் பார்க்கலாம். இதையெல்லாம் கையை எடுக்காமலே சொன்னாள்.

"நீங்க யாரு கூட இருக்கீங்க தாத்தா?"

"நானா? பல்லுங்க கூட."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைக்கூடக் கையால் மூடிக்கொண்டுதான் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவருக்கு வாரம் என்பது வியாழனிலிருந்து வியாழன்வரை என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமைப் போனில் மனைவியிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தார், சொல்லவில்லை. சொன்னால், அங்கே பேரன் இருக்க ஊரார் பிள்ளைக்குக் காது கொடுக்கிறீர்களா என்று கேட்பாளோ என்று தோன்றியது. அவள் கேட்டிருக்க மாட்டாள். இவருக்கே உள்ளுக்குள் அந்தக் கேள்வி இருந்தது.

ஒரு வியாழக்கிழமை பின்னால் இருந்த ஒருவன் அவள் வாசிப்பது மாதிரியே காற்றடித்துக் காட்டினான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வகுப்பு டீச்சர் அதட்டினாள், அடங்கினார்கள். ஆனால் அந்தப் பெண் புத்தகத்தை மூடிவிட்டாள். மீதி நேரம் முழுக்கப் பேசவே இல்லை. இவரும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். போகும்போது, "அடுத்த வாரத்துலேர்ந்து நான் வாசிக்கல, நீங்க வேற யாருகிட்டயாவது கேட்டுக்கோங்க தாத்தா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரர் சரக்கு இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

வீட்டுக்கு வந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்வதாம். வேறு யார் இருக்கிறார்கள்? மேசை முழுக்கப் பல் இருந்தது. மேல்வரிசை, கீழ்வரிசை, அட்டை அட்டையாக, எல்லா நிறத்திலும் இருந்தது. இரண்டே இரண்டு பல்தானே என்று நினைத்தார். முப்பது வருஷம் தொழில் செய்த கைக்கு இரண்டு பல் ஒரு வேலையா?

அடுத்த வாரம் ஒரு துண்டு மெழுகை இளக்கி எடுத்துக்கொண்டு போனார். "இதை ஒரு கடி கடி பாக்கலாம்" என்றார். அவள் கடித்தாள். தூரத்திலிருந்து பார்த்த டீச்சர் ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். அந்த வாரம் டாக்டர்களுடைய பெட்டி எதையும் அவர் திறக்கவில்லை. ஒரு டாக்டர் போன் செய்து, "என்ன சார், இன்னும் வரல?" என்றதற்கு, "பிளாஸ்டர் சரியா இறுகல" என்று வாய் கூசாமல் பொய் சொன்னார். குழந்தை வாய்க்கான அளவில் பல் கடையில் கிடைக்காது. பெரியவர்களின் கீழ்வரிசைப் பல் இரண்டை எடுத்து, இன்டர்வெல் மணிக்கும் சாப்பாட்டு மணிக்கும் காத்திருந்து காத்திருந்து, அரிசி முனை மாதிரி தேய்த்தார். நகம் அளவுக்கு ஒரு தகடு, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள மெல்லிய கம்பி. வாழ்க்கையில் முதல் தடவையாக, செய்கிற பல் யாருக்கு என்று தெரிந்து செய்தார். அந்த நாட்களில் அவர் சந்தோஷமாக இருந்தார். அதில் சந்தேகமே இல்லை.

வியாழக்கிழமை அவள் வாயில் அது உட்கார்ந்தது. மெழுகுக் கடியில் எடுத்த அச்சு, கொஞ்சம் தளர்ச்சிதான். அவள் ஜன்னல் கண்ணாடியில் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தாள். கையைக் கீழே இறக்கிப் புத்தகத்தைப் பிரித்தாள். வாசித்தாள் பாருங்கள், ஹால் முழுக்கக் கேட்டது. டயர்க்கடைக்காரரே விழித்துக்கொண்டு, என்ன ஆச்சு என்று பார்த்தார். நாய் தொலைந்து போகிறது, வீடு வீடாகத் தேடுகிறார்கள், கடைசியில் அது கட்டிலுக்கு அடியிலேயே தூங்கிக்கொண்டிருக்கிறது. இத்தனை வாரமாக இதுதான் கதையா என்று பல்செட்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரிய டீச்சர் வாசலில் நின்று பார்த்து, இவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். வாய்க்குள் என்ன இருக்கிறது என்று அங்கிருந்து தெரியாது.

"சாப்பிடும்போது கழட்டி வச்சிடணும். சரியா?"

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பிவிட்டு வந்தது அவர் செய்த இரண்டாவது தப்பு. முதல் தப்பு அவருக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் பெரிய டீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். அவள் அறையில் கம்பெனிச் சீருடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் ஷிஃப்ட் முடிந்து வந்த முகம், அதற்குப் பிறகு தூங்காத கண். மேசை மேல் ஒரு கைக்குட்டை, அதன் மேல் அந்தத் தகடு.

"சாப்பிடும்போது தொண்டைக்குள்ள போயிருச்சு சார்" என்றாள் அந்தப் பிள்ளையின் அம்மா. குரலை உயர்த்தவில்லை. "மூச்சு விட முடியல. கண்ணு பிதுங்கிருச்சு. முதுகுல அடிச்சு, அப்புறம் விரலை விட்டு இழுத்தேன். கம்பி கீறி ரத்தம். நான் வீட்டுல இல்லாத ஷிஃப்டா இருந்திருந்தா?"

அவர் தகட்டைப் பார்த்தார். இடது கம்பியை இன்னும் கொஞ்சம் வளைத்திருக்க வேண்டும் என்று கை நினைத்தது. அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றாள் பெரிய டீச்சர்.

"வாசிக்கக் கஷ்டப்பட்டா டீச்சர். எல்லாரும் சிரிச்சாங்க. பல்லு போயிடுச்சேன்னு..."

"போகலை சார். விழுந்திருக்கு. தானா முளைக்கும். ஈறுல இப்பவே வெள்ளையா தெரியுது. கொஞ்ச நாள் பொறுத்திருந்தா போதும்."

பல்செட்காரர் மேசைக்கு வருகிற வாய் எதிலும் போனது திரும்பி வந்ததில்லை. போன இடத்தில் ஒன்றைச் செய்து வைக்க வேண்டும், அதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். விழுந்த பல் முளைக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான். தன் மகளுக்குப் பல் விழுந்ததும் நினைவில்லை, முளைத்ததும் நினைவில்லை. அப்போதெல்லாம் அவர் அந்த மேசையில் குனிந்திருந்தார். யார் யாருடைய பல்லையோ அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் சார் செஞ்சீங்க?" என்று அம்மா கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

குழந்தைக்காக என்று சொல்ல வாயெடுத்தார். பாதியில் மாற்றிக்கொண்டார். "அவ வாசிக்கிறது எனக்குக் கேக்கணும்னு இருந்துச்சும்மா" என்றார். "வாரம் பூரா என்கிட்ட பேசறதுக்கு ஆள் கிடையாது. இவ ஒருத்திதான் பேசுவா. இனிமே வாசிக்கலன்னு சொல்லிட்டா. அதான்."

அம்மா கைக்குட்டையை மடித்துத் தகட்டை மூடினாள். "புரியுது சார். தனியா இருக்கிறது எப்படின்னு எனக்கும் தெரியும். ஆனா உங்களுக்குத் துணை வேணும்ங்கிறதுக்காக என் பொண்ணு வாயில ஒண்ணை வைக்க முடியாதுல்ல."

"முடியாதும்மா" என்றார். அதற்கு எதிர்ப்பேச்சு இல்லை. ஊசி குத்தின மாதிரி இருந்தது, ஆனால் குத்தின இடம் சரியான இடம்.

விஷயம் அதற்குள் மற்ற பெற்றோர்கள் காதுக்குப் போயிருந்தது. கண்டவர்களை உள்ளே விட்டால் இப்படித்தான், வியாழக்கிழமை வாசிப்பையே நிறுத்துங்கள் என்று காலையிலிருந்து போன் மேல் போன் வருவதாகப் பெரிய டீச்சர் சொன்னாள். எதற்கும் அசராத அவள் முகத்தில் அன்று களைப்பு தெரிந்தது. தெருவை உள்ளே கொண்டுவர அவள் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கியது இவருக்குத் தெரியும்.

"நிறுத்தாதீங்க டீச்சர். மத்தவங்க என்ன பண்ணாங்க? தப்பு என்னோடது. நான் வரல. நான் வரமாட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

பெரிய டீச்சர் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, அப்படியென்றால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று தலையசைத்தாள். எழுந்து கதவுவரை போனவள் நின்றாள்.

"நேத்துலேர்ந்து அவ சரியா சாப்பிடல சார். தொண்டை வலியினாலன்னு நெனச்சேன். அது இல்ல. தாத்தா செஞ்சு குடுத்ததை நான் கெடுத்துட்டேன், கோவிச்சுக்குவாருன்னு அழறா. நீங்க ஒரு தடவை வந்து, கோபம் இல்லன்னு அவகிட்ட சொல்லிடுங்க. நானும் கூட இருப்பேன். அது போதும்."

வியாழக்கிழமை வந்தது. இந்தத் தடவை உட்காரக் கூடாது, நின்றபடியே சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனார். ஹாலில் வழக்கம்போல எல்லாரும் இருந்தார்கள். டயர்க்கடைக்காரர் இவரைப் பார்த்ததும் பார்க்காத மாதிரி புத்தகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். அம்மா சுவரோரமாகக் கைப்பையோடு நின்றாள், பக்கத்தில் பெரிய டீச்சர். அந்தப் பெண் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள், கை வாய் மேல். எதிரே காலி நாற்காலி. நின்று சொல்வது முறையாகப் படவில்லை. உட்கார்ந்தார்.

"எனக்குக் கோபம் இல்ல கண்ணு. நீ ஒண்ணையும் கெடுக்கல. அதைச் செஞ்சதே தப்பு. செஞ்சது நான்தான்."

அவள் யோசித்தாள். "ஸாரி சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"யாருகிட்ட?"

"அம்மாகிட்ட. டீச்சர்கிட்ட. இப்ப உன்கிட்டயும்."

"சரி" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. புத்தகத்தைப் பிரித்து மடியில் வைத்தாள். அவர் எழுந்துகொண்டார். "ஏன் எந்திரிச்சீங்க தாத்தா? அதான் ஸாரி சொல்லிட்டீங்கல்ல. உக்காருங்க."

அவர் பெரிய டீச்சரைப் பார்த்தார். பெரிய டீச்சர் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் உட்கார்ந்துவிடுவார். அவள் சொல்லவில்லை. மகளின் மூச்சு நின்றதைக் கண்ணால் பார்த்தவள் அவள். அவள் மேல் அவருக்கு வருத்தம் வரவில்லை.

"இன்னைக்கு அம்மா கேக்கட்டும்" என்றார். "அம்மா ஒரு நாள்கூட கேட்டதில்லையே."

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரமும் அம்மாதான்."

"எனக்கு ஷிஃப்ட்..." என்று ஆரம்பித்த அம்மா நிறுத்திக்கொண்டாள். வந்து உட்கார்ந்தாள். நாற்காலி அவளுக்கும் சின்னதுதான். கைப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் பழக்கதோஷத்தில் வாயை மூடிக்கொண்டே ஆரம்பித்தாள். அம்மா குனிந்து, "ஒண்ணும் கேக்கலடி" என்றாள். கை மெல்ல இறங்கியது. முன்வரிசையில் இரண்டு பல் இல்லாமலே, காற்று வந்த இடத்தில் காற்று வர, அவள் வாசிக்க ஆரம்பித்தாள். இது வேறு கதை, புதுப் புத்தகம்.

பல்செட்காரர் ஹால் கதவு பக்கத்தில் அரைப் பக்கம்வரை நின்று கேட்டார். இந்தக் கதையில் என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டு போகலாம் என்றுதான் இருந்தது. ஆனால் இப்போது அவள் வாசிப்பது அவருக்கு இல்லை. நின்று கேட்பது அடுத்த வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பது மாதிரி இருந்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போனார்.